பெயர் பரவாத கலைப் பல்கலைக்கழகம்: விண்ணப்பிக்கும் முன் ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தில் கலை படிக்க விரும்பும் மாணவருக்கு நம் ஊரில் உடனே சொல்லப்படும் பெயர்கள் இரண்டு. ஒன்று ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட். அது முதுநிலைக்கும் ஆய்வுக்கும் உரிய இடம். மற்றொன்று சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் உள்ளிட்ட ஆறு கல்லூரிகளைக் கொண்ட லண்டன் கலைப் பல்கலைக்கழகம். இவற்றுக்கு அப்பால் நாரிச், போர்ன்மத், லீட்ஸ் ஆகிய நகரங்களின் கலைப் பல்கலைக்கழகங்களையும், ஃபார்ன்ஹமிலும் எப்சமிலும் வளாகங்கள் கொண்ட யூசிஏ எனப்படும் படைப்புக் கலைகள் பல்கலைக்கழகத்தையும் ஒரு கன்சல்டன்சி பட்டியலிட்டுக் கொடுத்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி "இதெல்லாம் உண்மையான யுனிவர்சிட்டிதானா?" என்பதாகவே இருக்கும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும். தான் சேரப்போகும் அந்த ஒரு பாடப்பிரிவு இந்த நான்கில் எங்கே வலுவாக இருக்கிறது என்பதுதான் வாரக்கணக்கில் தேட வேண்டிய கேள்வி. பெரும்பாலானோர் முதல் கேள்வியிலேயே களைத்துப்போய், இரண்டாவதைத் தரவரிசைப் பட்டியலின் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள்.

தரவரிசை இங்கே ஏன் உதவாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசையில் இடம்பெற ஒரு நிறுவனம் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் ஆய்வுக் கட்டுரைகளாவது வெளியிட்டிருக்க வேண்டும். அவற்றில் பெரும்பகுதி ஒரே துறைக்குள் அடங்கிவிடவும் கூடாது. ஓவியமும் மண்பாண்டக் கலையும் அனிமேஷனும் மட்டுமே கற்பிக்கும் ஒரு சிறிய நிறுவனம் எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் இந்த வாசலைத் தாண்ட முடியாது. க்யூஎஸ் என்ற மற்றொரு தரவரிசை நிறுவனத்தின் கலை, வடிவமைப்புப் பாடவாரிப் பட்டியல், எந்த இடத்துக்கு நற்பெயர் உண்டு என்ற கருத்துக்கணிப்பைப் பெரும்பாலும் நம்பியது. ஏற்கெனவே பெயர் தெரிந்த இடங்களே அதில் மேலே நிற்கும். ஆகவே பட்டியலில் இல்லை என்பது குறையும் அன்று, நிறையும் அன்று. அது எதையும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்வதே சரி.

பெயர் தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணம், இவை பள்ளிகளாக மிகப் பழையவை, பல்கலைக்கழகங்களாக மிகப் புதியவை. நாரிச் 1845இலும் லீட்ஸ் 1846இலும் தொடங்கியவை. தொழிற்சாலைப் பொருள்களுக்கு நல்ல வடிவமைப்பாளர்கள் வேண்டும் என்ற எண்ணத்தில் 1837இல் லண்டனில் அரசு வடிவமைப்புப் பள்ளி திறக்கப்பட்ட பிறகு, அதே அலையில் பல ஊர்களில் எழுந்த பள்ளிகள் இவை. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய பள்ளி, இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி, ஏறக்குறைய இவற்றின் சமவயதுதான் என்பதைச் சென்னை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெறக் குறைந்தது நான்காயிரம் மாணவர்கள் வேண்டும் என்று நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. அது ஆயிரமாகக் குறைக்கப்பட்ட பிறகு, 2012ஆம் ஆண்டின் இறுதியில்தான் நாரிச்சும் போர்ன்மத்தும் அப்பெயருக்கு ஒப்புதல் பெற்றன. லீட்ஸ் 2017இல் பெற்றது. கென்ட், சர்ரே ஆகிய இரு வட்டாரங்களின் கலைக் கல்வி நிறுவனங்கள் 2005இல் இணைந்து உருவான யூசிஏ, 2008இல் பல்கலைக்கழகம் ஆனது.

இந்த வரலாறு வெறும் பெருமைக் கதை இல்லை. தேடும் முறையையே அது மாற்றுகிறது. இன்றைய பெயரை மட்டும் இட்டுத் தேடுபவருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளின் செய்திதான் கிடைக்கும். டர்னர் பரிசு பெற்ற ஒளிப்படக் கலைஞர் வோல்ஃப்காங் டில்மன்ஸ் படித்த இடம், அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் போர்ன்மத் அண்ட் பூல் கலை வடிவமைப்புக் கல்லூரி என்றே இருக்கும். ஆஸ்கர் பெற்ற அனிமேஷன் இயக்குநர் மிக்கேல் டூடோக் டி விட், ஃபார்ன்ஹமில் படித்தபோது அதன் பெயர் மேற்கு சர்ரே கலை வடிவமைப்புக் கல்லூரி. லீட்ஸ் இடையில் ஜேக்கப் கிரேமர் கல்லூரி என்ற பெயரிலும் இயங்கியது. எனவே ஒவ்வொன்றின் பழைய பெயர்களையும் முதலில் எழுதிவைத்துக்கொண்டு, தான் படிக்க விரும்பும் துறையில் இன்று வேலை செய்பவர்களின் குறிப்புகளில் அப்பெயர்கள் வருகின்றனவா என்று தேடுவது நல்ல தொடக்கம்.

பெயர்க் குழப்பத்தில் மற்றொரு வகையும் உண்டு. போர்ன்மத் கலைப் பல்கலைக்கழகத்துக்கு அடுத்த வளாகமே போர்ன்மத் பல்கலைக்கழகம். இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். இரண்டிலும் அனிமேஷன் இருக்கிறது. கணினி அனிமேஷனுக்காக 1989இல் தொடங்கப்பட்ட தேசிய மையம் பின்னதில் இருக்கிறது. ஆக, "போர்ன்மத்தில் அனிமேஷன் நன்றாக இருக்குமாம்" என்று யாராவது சொன்னால் எந்த போர்ன்மத் என்று கேட்டாக வேண்டும். லீட்ஸில் சிக்கல் இன்னும் அதிகம். லீட்ஸ் கலைப் பல்கலைக்கழகம், லீட்ஸ் பல்கலைக்கழகம், லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் நுண்கலை படிக்கலாம். பழைய லீட்ஸ் கலைக் கல்லூரியின் பட்டப் படிப்புகள் ஒரு காலத்தில் பாலிடெக்னிக்குக்குப் போய், அந்தப் பாலிடெக்னிக்தான் இன்றைய பெக்கெட் ஆனது என்பதால், பழைய புகழில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதே விவாதத்துக்குரியது. பிளிமத்திலும் 2022இல் பல்கலைக்கழகமான கலைப் பல்கலைக்கழகம் ஒன்றும், பெரிய பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றும் தனித்தனியே உள்ளன.

பல்கலைக்கழகம் உண்மையானதா என்ற கேள்விக்கு இரண்டு அரசுப் பதிவேடுகள் போதும். மாணவர் அலுவலகம் எனப்படும் இங்கிலாந்தின் உயர்கல்விக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவேட்டில், அந்நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் சொந்தமாக இருக்கிறதா, வேறொரு பல்கலைக்கழகம் தன் பெயரில் அதன் மாணவர்களுக்கு வழங்குகிறதா என்பது தெரியும். உள்துறை அமைச்சகத்தின் மாணவர் விசா உரிமம் பெற்ற நிறுவனங்களின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் விசாவுக்கு வேண்டிய சேர்க்கை உறுதிச் சான்றை அந்நிறுவனம் தர முடியும். இரண்டையும் பார்க்கச் செலவு எதுவும் இல்லை.

ஆனால் உண்மையான பல்கலைக்கழகமும் மூடப்படலாம். ஃபிலடெல்ஃபியாவில் இருந்த கலைப் பல்கலைக்கழகத்தின் வேர்கள் 1870களில் இருந்தன. 2024 மே 31 அன்று மூடல் செய்தி வெளியாகி, ஜூன் 7 அன்று கதவு சாத்தப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரு வாரம். 1871இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ கலை நிறுவனம் 2022இல் நின்றுபோனது. இங்கிலாந்தில் அப்படியொரு திடீர் மூடல் எளிதில் நடக்காது என்றாலும், யூசிஏவின் ராச்செஸ்டர் வளாகம் 2023இல் மூடப்பட்டது. மாணவர் அலுவலகம் 2025 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024-25ஆம் ஆண்டில் 43 சதவீத நிறுவனங்கள் பற்றாக்குறையை எதிர்பார்த்தன. கலைக் கல்விக்கு இடமும் இயந்திரங்களும் மூலப்பொருளும் அதிகம் வேண்டும். வணிகவியல் வகுப்புகளின் வருவாயில் சிற்பப் பட்டறையை ஓட்டும் வசதி, கலை மட்டுமே கற்பிக்கும் நிறுவனத்துக்குக் கிடையாது.

அதனால் நிதிநிலை அறிக்கையைத் திறந்து பார்ப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் அதைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. எண்பது தொண்ணூறு பக்கங்களையும் படிக்க வேண்டியதில்லை. மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். தணிக்கையாளர் அறிக்கையில், நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பது குறித்த பத்தி ஒன்று இருக்கும்; அதில் "குறிப்பிடத்தக்க நிச்சயமின்மை" என்ற பொருளில் ஏதேனும் எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து, கல்விக் கட்டண வருவாயை உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்று பிரித்துக் காட்டும் குறிப்பு. வெளிநாட்டுக் கட்டணத்தின் பங்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் சட்டென உயர்ந்திருந்தால், விசா விதி ஒன்று மாறினாலே அந்நிறுவனம் ஆட்டம் காணும் என்று பொருள். மூன்றாவது, கையிருப்புப் பணம் எத்தனை நாள் செலவுக்குப் போதும் என்ற வரி. இதனுடன், ஒரு பாடப்பிரிவோ வளாகமோ மூடப்பட்டால் மாணவரை என்ன செய்வார்கள் என்பதைக் கூறும் மாணவர் பாதுகாப்புத் திட்டத்தையும் பதிவு பெற்ற நிறுவனங்கள் வெளியிட்டிருக்கும். நிறுவனம் விசா உரிமத்தை இழந்தால் மாணவருக்கு வேறு இடம் தேடப் பொதுவாக 60 நாள்தான் கிடைக்கும். ஆகவே இது படித்து வைத்துக்கொள்ள வேண்டிய ஆவணம்.

இனி இடங்களை ஒப்பிடலாம். பாடப்பிரிவைச் சொல்லாமல் இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்பதில் பொருளில்லை என்பதால் பாடத்தை வைத்தே பார்க்கிறேன்.

திரைப்படத்துக்கும் மேடைக்கும் பின்னணியில் உழைக்கும் கைவினைகளை விரும்புபவருக்கு நான் போர்ன்மத்தைத்தான் முதலில் சொல்வேன். ஆடை அணி வடிவமைப்பையும், படங்களுக்கும் கட்டடக்கலைக்கும் மாதிரிகள் செய்வதையும் அங்கே முழுப் பட்டப் படிப்பாகவே வைத்திருக்கிறார்கள். இவ்வகைப் படிப்புகள் இங்கிலாந்திலேயே அரிது. அதே வளாகத்தில் நடிப்பும் திரைப்படமும் இருப்பதால், உடை தைப்பவருக்கு உடுத்திக்கொள்ள நடிகரும், படம் எடுப்பவருக்கு உடையும் பக்கத்துக் கட்டடத்திலேயே கிடைக்கிறார்கள். அங்கே ஒரு காலத்தில் மாணவராக இருந்த கட்டடக் கலைஞர் பீட்டர் குக் வடிவமைத்து 2016இல் திறக்கப்பட்ட நீலநிற வரைவுக் கூடம் ஒன்று இருக்கிறது. உள்ளே நேர்ச் சுவர்கள் குறைவு; பகல் வெளிச்சம் வெவ்வேறு பக்கங்களிலிருந்து வெவ்வேறு அளவில் விழும்படி திறப்புகள் அமைந்துள்ளன. எல்லா மாணவரும் கணினித் திரையை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், கையால் வரைவதற்கென்றே ஒரு கட்டடம் கட்டிய நிறுவனம் எதை மதிக்கிறது என்பது அதிலிருந்து புரியும். விளம்பரப் படங்களில் சிரிக்கும் மாணவர் முகங்களைவிடப் பணம் எங்கே செலவழிக்கப்பட்டிருக்கிறது என்பது நம்பத்தக்க சாட்சி.

கைவினைக் கலையிலும் அனிமேஷனிலும் ஃபார்ன்ஹமுக்கு ஈடாக மற்ற மூன்றையும் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. கைவினைகளுக்கான ஆய்வு மையமும் அருங்காட்சியகமும் அந்த வளாகத்திலேயே உள்ளன. பெர்னார்ட் லீச் போன்ற மண்பாண்டக் கலைஞர்களின் படைப்புகளைப் பாடப் புத்தகத்தில் பார்ப்பதற்குப் பதில் நேரில் பார்க்கலாம். கென்யாவில் பிறந்த மண்பாண்டக் கலைஞர் மக்டலீன் ஒடுண்டோ அங்கே மாணவராகவும் பின்னர் பேராசிரியராகவும் இருந்து, 2018இல் அப்பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் ஆனார். அனிமேஷனில் டூடோக் டி விட்டோடு டேனியல் கிரீவ்ஸ், சூசி டெம்பிள்டன் என்று ஆஸ்கர் பெற்ற மேலும் இருவர் அங்கே படித்தவர்கள். ஆனால் யூசிஏ நான்கில் மிகவும் பரந்த அமைப்பு. எப்சம் வளாகத்தில் வணிகப் படிப்புகளும் உள்ளன. ஃபார்ன்ஹமைப் பற்றிக் கேட்ட நல்ல வார்த்தையை வைத்துக்கொண்டு எப்சமில் சேர்ந்துவிடக் கூடாது. சேர்க்கைக் கடிதத்தில் வளாகத்தின் பெயர் என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

நுண்கலை, அதிலும் சிற்பம் என்றால் லீட்ஸ். சிற்பிகள் ஹென்றி மூரும் பார்பரா ஹெப்வொர்த்தும் அங்கே படித்தார்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அது நூறாண்டுகளுக்கு முந்தைய கதை, இன்றைய ஆசிரியர்களைப் பற்றி அது எதையும் உறுதிசெய்யாது. ஹென்றி மூர் நிறுவனமும் லீட்ஸ் ஓவியக்கூடமும் நகருக்குள்ளேயே, நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. வேக்ஃபீல்டில் 2011இல் திறந்த ஹெப்வொர்த் அருங்காட்சியகமும், 1977 முதல் இயங்கும் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவும் அரை நாளில் போய்வரக்கூடிய இடங்கள். மூன்று ஆண்டுகள் ஒரு சிற்ப மாணவர் தொடர்ந்து பார்க்கப்போகும் படைப்புகள் அவருக்கு ஆசிரியருக்கு நிகர். நாரிச் இந்த விஷயத்தில் சற்றுப் பின்தங்கினாலும், நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த செயின்ஸ்பரி மையம் அதே நகரில், கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. வீடியோ கேம் கலை, இல்லஸ்ட்ரேஷன் எனப்படும் விளக்க ஓவியம் ஆகியவற்றை விரும்புபவர்கள் நாரிச்சைத் தவிர்க்காமல் பார்க்க வேண்டும். பழைய நகரின் நடுவே, நடந்தே எங்கும் போகக்கூடிய அமைதியான ஊர். அந்த அமைதி சிலருக்குச் சலிப்பாகவும் இருக்கும்.

மாணவர் திருப்திப் புள்ளிவிவரங்களை இந்த ஒப்பீட்டில் எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி இங்கே வருகிறது. டிஸ்கவர் யூனி என்ற அரசுசார் தளத்தில், இறுதியாண்டு மாணவர்களிடம் நடத்தப்படும் தேசிய மாணவர் கருத்துக்கணிப்பின் முடிவுகளும், படித்து முடித்துப் பதினைந்து மாதங்களுக்குப் பின் என்ன செய்கிறார்கள் என்ற விவரமும் பாடவாரியாகக் கிடைக்கின்றன. கருத்துக்கணிப்பின் முடிவை வெளியிட, வகுப்பில் பாதிப் பேராவது, அதுவும் குறைந்தது பத்துப் பேராவது, பதில் அளித்திருந்தால் போதும். பன்னிரண்டு பேர் பதிலளித்த வகுப்பில் ஒருவர் மனம் மாறினாலே எட்டு சதவீதம் கூடிக் குறையும். போதிய பதில்கள் இல்லாதபோது, இரண்டு ஆண்டுகளைச் சேர்த்தோ, பக்கத்துப் பாடப்பிரிவுகளைச் சேர்த்தோ எண்ணைக் காட்டுவார்கள். அது சிறிய எழுத்தில் கீழே குறிக்கப்பட்டிருக்கும். 90 சதவீதம் என்பதைப் பார்த்ததும் மகிழாமல், எத்தனை பேர், எந்தப் பாடம் என்ற வரியைப் படிக்க வேண்டும்.

எண்களைவிட இறுதியாண்டுக் கண்காட்சி அதிகம் பேசும். கோடையின் தொடக்கத்தில் ஒவ்வொரு கலைப் பல்கலைக்கழகமும் மாணவர் படைப்புகளைக் காட்சிக்கு வைத்து, பெரும்பாலும் இணையத்திலும் ஏற்றுகிறது. லண்டனில் ஆண்டுதோறும் நடக்கும் நியூ டிசைனர்ஸ் கண்காட்சியிலும் பல நிறுவனங்கள் பங்கேற்கின்றன. அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் படைப்புகளை வரிசையாகப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரியவரும். முதல் நான்கு பேரின் வேலையைத்தான் எல்லாரும் விளம்பரத்தில் வைக்கிறார்கள். வகுப்பின் நடுத்தர மாணவர் எந்த அளவில் நிற்கிறார் என்பதைக் கண்காட்சியில்தான் காணலாம். எல்லாருடைய படைப்பும் ஒரே சாயலில் இருந்தால், ஆசிரியரின் ரசனை மாணவரை விழுங்கிவிடுகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். பிடித்த படைப்பைச் செய்தவருக்கு இன்ஸ்டாகிராமிலோ லிங்க்ட்இன்னிலோ மரியாதையாக ஒரு செய்தி அனுப்பி, சூளையும் தறியும் அச்சு இயந்திரமும் எத்தனை மாணவர்களுக்கு எத்தனை, மாலையிலும் விடுமுறையிலும் பட்டறை திறந்திருக்குமா, மூலப்பொருளுக்குக் கைப்பணம் எவ்வளவு போனது என்று கேட்டால் பலரும் பதில் சொல்வார்கள். சேர்க்கை அலுவலகம் தரும் பதிலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சேர்க்கை நடந்தால் கமிஷன் பெறும் கன்சல்டன்சி இந்தக் கேள்விகளைத் தானாக எழுப்பாது. அதைக் குறை சொல்வதிலும் பயனில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, லண்டனுக்கு வெளியே படிப்பதன் லாபம் கட்டணத்தில் மட்டும் இல்லை. விசாவுக்குக் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு 2025 நவம்பர் முதல் லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, வெளியே 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்குக் கணக்கிட்டால் 3,222 பவுண்டு வித்தியாசம். காட்ட வேண்டிய முழுத் தொகையும் 28 நாள் தொடர்ந்து வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு கட்ட வேண்டிய நலவாழ்வுக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, எங்கே படித்தாலும் ஒன்றுதான். படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தரப்படும் விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் இளநிலை, முதுநிலைப் பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அதன் பிறகு தொடர வேண்டுமானால், திறன்மிகு பணியாளர் விசாவுக்கு வேண்டிய பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாகப் பணிக்கு வருவோருக்கு 33,400 பவுண்டு. புதிதாக வெளிவரும் கலைப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் அவ்வளவு சம்பாதிப்பதில்லை. "வேலை பார்த்துக் கடனை அடைத்துவிடலாம்" என்ற கணக்கைக் கலைப் படிப்புக்குப் போடக் கூடாது. லண்டனின் உயர்ந்த கட்டணமும் வாடகையும் நியாயமாவது, ஃபேஷன் போலத் தொழில் நிறுவனங்களின் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டிய துறைகளில்தான் என்பது என் கருத்து.

ஊர் திரும்பி ஆசிரியப் பணிக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் பட்டத்தின் ஏற்பையும் பார்க்க வேண்டும். இந்தியாவும் பிரிட்டனும் 2022 ஜூலையில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைப் பட்டமும் ஏற்கப்படுகிறது. ஆனால் மருத்துவம், பொறியியல், சட்டம் முதலியவற்றோடு கட்டடக்கலையும் அந்த உடன்பாட்டுக்கு வெளியே நிற்கிறது. நாரிச்சிலும் போர்ன்மத்திலும் மூன்றாண்டு பி.ஏ. கட்டடக்கலை இருக்கிறது. அதை முடித்துவந்து இங்கே ஆர்க்கிடெக்ட் என்று பலகை மாட்ட முடியாது என்பதைச் சேருமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பி.எஃப்.ஏ. எனும் கவின்கலை இளநிலைப் பட்டம் முடித்தவர்களுக்கு முதுநிலைச் சேர்க்கைக்குக் காட்டப் படைப்புகள் இருக்கும். பிளஸ் டூவில் கலைப் பாடமே இல்லாமல் வருபவருக்கு நிலை வேறு. இங்கிலாந்து மாணவர்களில் கணிசமானோர் பட்டப் படிப்புக்கு முன் ஓராண்டு கலை அடித்தளப் படிப்பை முடித்துவிட்டு வருகிறார்கள். அவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரும்போது வேறுபாடு முதல் மாதத்திலேயே தெரியும். அடித்தள ஆண்டு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் செலவு கூடும். ஆனால் துறையைத் தவறாகத் தேர்ந்துவிட்டோம் என்று இரண்டாம் ஆண்டில் உணர்வதைவிட அது மலிவு. நேர்முகத்தில், போர்ட்ஃபோலியோ எனப்படும் படைப்புத் தொகுப்பில் உள்ள முடிந்த படங்களைவிட வரைவுப் புத்தகத்தின் அழுக்கான பக்கங்களை அதிகம் புரட்டிப் பார்க்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். பதினைந்து படங்களைப் பெற்றுக்கொண்டு எந்தக் கேள்வியும் கேட்காமல் இரண்டே நாளில் சேர்க்கை தரும் இடத்தைப் பற்றி எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

கடைசியாக முன்பணம். சேர்க்கை உறுதிச் சான்றுக்கு முன் சில ஆயிரம் பவுண்டு கட்டச் சொல்வார்கள். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், மாணவரே மனம் மாறினால் எவ்வளவு, பாடப்பிரிவை நிறுவனமே நிறுத்திவிட்டால் எவ்வளவு என்ற மூன்றும் வெவ்வேறு விதிகள். மூன்றுக்கும் பதிலைச் சேர்க்கை அலுவலகத்திடமிருந்தே, கன்சல்டன்சி வழியாக அல்லாமல், மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிக்கொண்ட பிறகு பணத்தை அனுப்புங்கள்.